பட்டி டிங்கரிங்: பழைய காருக்குப் பெயின்ட் அடிக்க ஏன் இவ்வளவு செலவு?

ஒரு பழைய பொருளை ஒப்பேத்தி வச்சா, 'பட்டி டிங்கரிங் பார்த்திருக்காங்க'ன்னு கிண்டல் பண்றோம் இல்லையா? அது கார் ஷெட்டிலிருந்து வந்த பேச்சு. இன்னைக்கு அதோட கதையையும் கணக்கையும் பார்ப்போம்.

கடலூரில் எங்க அப்பாவோட 1996 மாடல் அம்பாசடர் நிக்குது. முழுசா பெயின்ட் அடிக்க சிதம்பரத்தில் விசாரிச்சேன். 70,000 ரூபாய். காரை வித்தாலே அவ்வளவு வருமாங்கிறது சந்தேகம். "பெயின்ட்டுக்கு இல்ல தம்பி, அதுக்கு முன்னாடி இருக்கிற வேலைக்குத்தான் காசு"ன்னார் டிங்கர் அண்ணன்.

அவர் சொன்னதுக்குப் பின்னாடி நூறு வருஷ வரலாறு இருக்கு. ஆரம்பத்தில் காருக்கும் குதிரை வண்டி மாதிரியே பிரஷ்ஷால் வார்னிஷ் பூசினாங்க. ஒவ்வொரு பூச்சும் காயணும், அப்புறம் தேய்க்கணும். ஒரு காருக்கு வாரக்கணக்கில் ஆகும். முதல் உலகப் போருக்கு வெடிமருந்து செய்துகொடுத்த டூபான்ட் கம்பெனி, போர் முடிஞ்சதும் நைட்ரோசெல்லுலோஸை வைத்து 'டூகோ' என்ற பெயின்ட்டைக் கொண்டுவந்தது. 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அதை ஓக்லாண்ட் கார்களுக்கு நீல நிறத்தில் அடித்தது. ஸ்ப்ரே பண்ணலாம், சீக்கிரம் காயும். கறுப்பு மட்டுமே விற்றுவந்த ஃபோர்டும் 1926 மாடலில் வேறு நிறங்களுக்கு வந்தது.

ஆனா டூகோ மிச்சம் பண்ணினது காயுற நேரத்தை. தொழிற்சாலையில் புதுத் தகடு வழவழன்னு வரும். ஷெட்டுக்கு வர்றதோ அடி வாங்கின, துருப்பிடிச்ச தகடு. அதை வெட்டி, வெல்ட் வச்சு, பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிக்கணும். இது எல்லாம் இன்னைக்கும் கை வேலைதான்.

எங்க ஊர்ல இன்னும் மோசம். காத்துல இருக்கிற உப்பு ஈரத்தை இழுத்து வச்சு, துருவை வேகப்படுத்தும். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில்தான் பரங்கிப்பேட்டை. 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே இரும்பாலை நடத்தினார். இரும்பை உருக்கின அதே கரையிலதான் இன்னைக்குக் கடல் காத்து காரைத் தின்னுது.

இதுக்கு மேல பதிவுக் கட்டணம் வேற. 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டினா, 2025-லிருந்து 10,000. நிறத்தை மாத்தினா ஆர்.சி.யிலும் மாத்தணும்.

அதனால என் முடிவு: இந்த வருஷம் தரைத் தகடும் கதவின் அடிப்பக்கமும் மட்டும். பளபளப்பு அப்புறம். நீங்களும் கேட்கும்போது டிங்கரிங்குக்கு எவ்வளவு, பெயின்ட்டுக்கு எவ்வளவுன்னு தனித்தனியா கேளுங்க. துருவை எடுக்காம மேல அடிச்சா, அடுத்த மழைக்கே கொப்புளம் வந்துடும்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.