அக்குபங்சர் ஊசி வந்த வழி - முதல் தடவை போகிறவர்களுக்கு

லால்பேட்டையிலோ காட்டுமன்னார்கோயிலிலோ மூட்டுவலி, இடுப்புவலி என்று நாலு பேரிடம் சொன்னால் போதும். ஒருவர் சிதம்பரத்தில் எலும்பு டாக்டரைப் பார்க்கச் சொல்வார். இன்னொருவர் ஒரு தைலத்தின் பெயரைச் சொல்வார். மூன்றாமவர், "அக்குபங்சர் பண்ணிப் பாருங்களேன், மருந்தே கிடையாது, ஊசி மட்டும்தான். ஐயாயிரம் வருஷத்து வைத்தியம்!" என்பார்.

இந்த ஐயாயிரம் வருடக் கணக்கை வைத்துத்தான் பலரும் தைரியமாகப் போய்ப் படுக்கிறார்கள். ஆனால் கணக்கு அவ்வளவு நேராக இல்லை.

1973-இல் சீனாவின் மாவாங்துய் என்ற இடத்தில் கி.மு. 168-இல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து மருத்துவச் சுவடிகள் கிடைத்தன. உடலில் ஓடும் 11 நாளங்களைப் பற்றி அவை பேசுகின்றன, சூடு போடுவதைப் பற்றியும் பேசுகின்றன. ஆனால் அந்த நாளங்களில் ஊசி குத்துவது பற்றி எதுவும் இல்லை! கி.மு. 113-இல் இறந்த லியூ ஷெங் என்ற இளவரசரின் கல்லறையை 1968-இல் தோண்டியபோது தங்க ஊசி நான்கும் வெள்ளி ஊசி ஐந்தும் கிடைத்தன. அவை மருத்துவ ஊசிகள் என்று கருதப்படுகின்றன. ஆக, ஊசி வைத்தியத்துக்குச் சான்றோடு சொல்லக்கூடிய வயது ஏறக்குறைய 2000 ஆண்டுகள். அதுவே பெரிய வயதுதான், கூட்டிச் சொல்லத் தேவையில்லை. (போகர்தான் இதைச் சீனாவுக்குக் கொண்டுபோனார் என்று நம் ஊரில் சொல்பவர்களும் உண்டு. அதற்குச் சான்று கிடையாது.)

அந்தப் பழைய ஊசி இன்றைய ஊசியும் அல்ல. பழைய நூல்கள் சொல்லும் ஒன்பது வகை ஊசிகளில் கட்டியைக் கீறுவதற்கும் இரத்தம் எடுப்பதற்கும் ஆனவைகூட இருந்தன. 1822-இல் சீனப் பேரரசரே அரண்மனை மருத்துவக் கழகத்திலிருந்து ஊசி வைத்தியத்தை நீக்கிவிட்டார். 1929-இல் சீன அரசிடம், நாட்டு வைத்தியத்தையே ஒழித்துவிடலாம் என்ற தீர்மானம் வந்தது. அந்தக் காலத்தில்தான் செங் தான்-ஆன் என்ற மருத்துவர் இதைப் புதிதாக ஒழுங்குபடுத்தினார். தடித்த ஊசிகளுக்குப் பதில் மெல்லிய ஊசிகள் வந்தன. குத்தும் புள்ளிகளை இரத்தக் குழாய்களிலிருந்து விலக்கி, நரம்புகளின் போக்கைப் பார்த்துக் குறித்தார். இன்று கிளினிக்கில் ஒருவர் கையில் ஏறும், முடியைவிடக் கொஞ்சம் தடிமனான அந்த ஊசி 20-ஆம் நூற்றாண்டின் பிள்ளை.

இந்தியாவுக்கு அது வந்த கதையோ போரில் தொடங்குகிறது. 1937-இல் ஜப்பான் சீனாவைத் தாக்கியது. சீனத் தளபதி ஜூ தே மருத்துவ உதவி கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். 1938-இல் ஐந்து இந்திய டாக்டர்கள் கப்பலேறினார்கள்: அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. ஐந்து பேரும் ஆங்கில மருத்துவம் படித்தவர்கள். போர்முனையில் அவர்கள் செய்தது ஊசி வைத்தியம் அல்ல. குண்டு எடுப்பது, காயம் தைப்பது, அறுவை சிகிச்சை. ஷோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் ஊர் திரும்பவே இல்லை. 1942 டிசம்பர் 9 அன்று, 32 வயதில், அங்கேயே இறந்தார்.

கல்கத்தாவைச் சேர்ந்த பிஜய் குமார் பாசு திரும்பி வந்தார். 1950-களின் கடைசியில் மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டார். 1959-இல் கல்கத்தாவில் அந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். இந்தியாவில் அக்குபங்சரின் வரலாறு பெரும்பாலும் இங்கிருந்துதான் எழுதப்படுகிறது. மேற்கு வங்கம் 1996-இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டதற்குப் பின்னால் இந்தப் பழைய தொடர்பு இருக்கிறது. கவனிக்க வேண்டியது, பாசு ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஊசியை எடுத்தவர் அல்ல. கையில் இருந்த மருத்துவத்தோடு ஊசியையும் சேர்த்துக்கொண்டவர்.

அமெரிக்காவுக்குப் போன கதையிலும் இதே விஷயம் இருக்கிறது. 1971-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பீகிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. "ஊசி குத்தி வலியில்லாமல் ஆபரேஷன் பண்ணினார்களாம்" என்று இன்றும் சொல்லப்படுகிறது. உண்மையில் அவருக்கு வழக்கமான மரத்துப்போகும் மருந்து கொடுத்துத்தான் வயிற்றை அறுத்தார்கள். பிறகு வயிறு உப்பி அவதிப்பட்டபோதுதான் ஊசி போட்டார்கள். அவர் எழுதியதும் அப்படித்தான். ஊர் வாய்க்கு வந்தபோது கதை மாறிவிட்டது!

சரி, ஊசி வேலை செய்கிறதா? 2007-இல் ஜெர்மனியில் 1162 இடுப்புவலிக்காரர்களை மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு வெளியானது. ஆறு மாதம் கழித்து, முறையான புள்ளிகளில் ஊசி போட்டவர்களில் 100-க்கு சுமார் 47 பேருக்குக் குணம் தெரிந்தது. மாத்திரை, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27 பேருக்குத்தான். இதோடு நிறுத்தினால் அக்குபங்சருக்கு வெற்றி. ஆனால் புள்ளியே இல்லாத இடங்களில் சும்மா மேலோட்டமாகக் குத்திய மூன்றாவது கூட்டத்திலும் 44 பேருக்குக் குணம்! வலிக்கு ஊசி உதவுகிறது, புள்ளிகளின் கணக்குதான் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. வலிக்கும், அறுவை சிகிச்சைக்குப் பிறகான குமட்டலுக்கும் ஆதாரம் இருக்கிறது. சர்க்கரையை, புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு இல்லை.

தமிழ்நாட்டில் நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியில் ஊசி போடுபவர்கள் இருக்கிறார்கள். ஊசியே இல்லாமல் விரலால் தொடுபவர்களும் இருக்கிறார்கள். "இங்கே வந்தால் வேறு மருந்து எதுவும் தொடக்கூடாது" என்று சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. முழங்கால் வலிக்குப் போன ஒருவர் அந்தப் பேச்சில் இன்சுலினை நிறுத்தினால், அது முழங்காலோடு முடியாது. வலிப்பு மாத்திரை, இதய மாத்திரை, டிபி மருந்து எல்லாமே அப்படித்தான். எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்காமல் எதையும் நிறுத்தக்கூடாது. பழமையைக் காட்டி நிறுத்தச் சொன்னால், பாசுவின் கதையைத் திருப்பிச் சொல்லலாம்.

யார் கையில் ஊசி இருக்கிறது என்று கேட்பதிலும் தப்பில்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரில் அக்குபங்சரை ஒரு சிகிச்சை முறையாக ஏற்றது. பதிவு பெற்ற மருத்துவரோ, தகுந்த பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றது. 2019-இல் மறுபடியும் ஓர் ஆணை வந்தது. ஆனால் 'தகுந்த பயிற்சி' என்பது பலகையில் தெரியாது. என்ன படித்தீர்கள், எத்தனை வருடம், எங்கே என்று வாயைத் திறந்து கேட்க வேண்டியதுதான்.

ஊசி புதிதா என்பது அடுத்த கேள்வி. 1984-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஒரே அக்குபங்சர்காரரிடம் சிகிச்சை பெற்ற 35 பேருக்கு ஹெபடைட்டிஸ் பி மஞ்சள் காமாலை வந்தது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி மலிவாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில் அப்படி நடக்கக் காரணமே இல்லை. உறையை நம் கண் முன்னால் பிரிக்கச் சொல்லலாம். நெஞ்சிலும் தோளிலும் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்கள் அபூர்வமாக உண்டு. சிகிச்சைக்குப் பிறகு மூச்சு வாங்கினால் வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்றவை சின்ன விஷயங்கள். வெறும் வயிற்றோடு போகக்கூடாது, முதல் தடவை சிலருக்கு மயக்கம் வரும். படுத்துக்கொண்டு போட்டுக்கொள்வது நல்லது. கர்ப்பம், இரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பேஸ்மேக்கர் எதுவானாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊசி இறங்கும்போது எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு ஒரு கனமோ மதமதப்போ தெரியும். 20, 30 நிமிடம் அப்படியே விட்டு வைப்பார்கள். எத்தனை தடவை வர வேண்டும், எத்தனையாவது தடவையில் மாற்றம் தெரிய வேண்டும் என்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். எழுந்து சட்டையைப் போடும் முன் ஊசிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். போட்டது எட்டு என்றால் எடுத்ததும் எட்டாக இருக்க வேண்டும்.