கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்: சென்னையில் நடந்த ஒரு ஆய்வின் கதை

"மஞ்சக்காமாலையா? கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடிங்க. உப்பு, எண்ணெய் சேர்க்காம பத்தியம் இருங்க. சரியாயிடும்."

இதைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்ம ஊரில் குறைவு. குடித்துச் சரியானவர்களும் நிறைய பேர். அப்போ கீழாநெல்லி வேலை செய்யுதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஒன்று இருக்கு. வாங்க பார்ப்போம்.

1) முதலில் ஒரு விஷயம். மஞ்சள் காமாலை என்பது நோய் அல்ல, அறிகுறி. நம்ம ஊரில் அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள் இதற்கு முக்கியக் காரணம். பெரும்பாலானோருக்கு இவை சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தோமோ, பெயர் அதற்குப் போய்விடும்.

2) ஆனால் ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை. ரத்தம், உடலுறவு, பிரசவத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று பரவும். பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90% குழந்தைகளின் உடலில் நிரந்தரமாகத் தங்கிவிடும். பெரியவர்களில் இது 5% போல. தங்கினால் பல வருடம் சத்தமே இல்லாமல் கல்லீரலை அரிக்கும். சிலருக்கு சிரோசிஸ், சிலருக்குப் புற்றுநோய்.

3) இந்த வைரஸின் அடையாளத்தை முதலில் கண்டவர் அமெரிக்க மருத்துவர் பரூச் ப்ளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கிடைத்ததால் அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர். 1976இல் நோபல் பரிசு.

4) அதே ப்ளம்பெர்க், நம்ம கீழாநெல்லியையும் சோதித்தார். 1987இல் அவரது குழுவின் ஆய்வு வெளியானது. சோதனைக் குழாயிலும், இதே போன்ற வைரஸ் தொற்றும் வுட்சக் என்ற அணில் குடும்ப விலங்கிலும் செடியின் சாறு வைரஸைத் தடுப்பது போலத் தெரிந்தது.

5) அடுத்து மனிதர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவும் ப்ளம்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் இதழில் முதற்கட்ட ஆய்வை வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ஆன்டிஜன் மறைந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே. உலகமே திரும்பிப் பார்த்தது!

6) நல்ல அறிவியல் இங்கே நிற்காது, திரும்பச் செய்து பார்க்கும். தாய்லாந்தில் செய்தார்கள், நெதர்லாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றது.

7) இதில் சென்னை ஆய்வாளர்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. பாட்டி வைத்தியத்தை கேலி செய்யாமல், கண்ணை மூடி நம்பவும் செய்யாமல், சோதித்துப் பார்த்தார்கள். அதுதான் சரியான வழி.

8) ப்ளம்பெர்க்கின் இன்னொரு வேலைதான் ஜெயித்தது: தடுப்பூசி. 1969இல் மில்மேனோடு சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1981இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம்ம அரசு மருத்துவமனைகளில் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு இலவசமாகப் போடுவது இதைத்தான்.

9) ஏன் இவ்வளவு சொல்கிறேன்? சில வருடங்களுக்கு முன் ஒருவர் வயிறு வீங்கி என்னிடம் வந்தார். "இருபது வருசத்துக்கு முன்னாடியே காமாலை வந்துச்சு டாக்டர், பச்சிலை குடிச்சு சரியாயிடுச்சு" என்றார். சரியானது கண்ணின் மஞ்சள் மட்டும். உள்ளே பி வைரஸ் இருந்தது, கல்லீரல் சுருங்கிவிட்டிருந்தது. அன்றைக்கே ஒரு ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் கதை வேறு. அவருடைய தம்பியை அழைத்துப் பரிசோதித்தோம், அவருக்கும் பாசிட்டிவ். ஆனால் கல்லீரல் நன்றாக இருந்தது. இன்றும் நன்றாக இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார்.

10) ஆகவே மக்களே,

- காமாலை வந்தால் முதலில் எந்த வகை என்று ரத்தப் பரிசோதனை.
- உப்பில்லாக் கஞ்சிப் பத்தியத்தால் கல்லீரல் தேறாது. பசிக்கும் அளவு வழக்கமான உணவு, பருப்பு, முட்டை சாப்பிடலாம். வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்கு மட்டும் உப்பைக் குறைக்கச் சொல்வோம்.
- மது கூடவே கூடாது.
- வீட்டில் ஒருவருக்கு பி இருந்தால் எல்லோரும் பரிசோதியுங்கள், இல்லாதவர்கள் தடுப்பூசி போடுங்கள்.
- வைரஸை அடக்கி வைக்க இன்று நல்ல மாத்திரைகள் உண்டு. தேவையா என்று மருத்துவர் சொல்வார்.

பாட்டி சொன்னதைக் குறை சொல்ல வரவில்லை. பாட்டி காலத்தில் இந்தப் பரிசோதனை இல்லை, நம்ம காலத்தில் இருக்கு.