மௌனம் சம்மதமா? தானாகப் பிடிக்கப்படும் கட்டணங்களின் வரலாறு

ஒரு சேவையை இலவசமாகச் சோதித்துப் பார்க்கச் சேர்கிறோம். கெடு முடிவதற்குள் வேண்டாம் என்று தெரிவிக்காவிட்டால், கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் பிடிக்கப்படுகிறது. மறுக்காதவர் ஒப்புக்கொண்டவர் என்பதே இம்முறையின் அடிப்படை. இது கைபேசிச் செயலிகளோடு பிறந்த வழக்கம் அன்று. கோவில்பட்டிப் பகுதிக் கரிசல் உழவர்களின் பயிர்க்கடன் கணக்கிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு.

கரிசலும் காப்பீடும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவை மானாவாரியாகப் பயிரிடப்படுகின்றன. மழை தவறினால் போட்ட முதல் திரும்பாது. எனவே இங்கே காப்பீடு தேவையானதே. கட்டணம் பிடிக்கப்பட்ட முறையில்தான் சிக்கல் இருந்தது.

1985, 1999, 2016 ஆகிய ஆண்டுகளில் நடுவண் அரசு கொண்டுவந்த மூன்று பயிர்க் காப்பீட்டுத் திட்டங்களும், அறிவிக்கப்பட்ட பயிருக்குக் கடன் பெற்ற உழவருக்குக் கட்டாயமாக இருந்தன. கட்டணம் கடன் கணக்கிலிருந்தே எடுக்கப்பட்டது. 2016 திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு உழவரின் பங்கு, காப்பீடு செய்த தொகையில் 1.5 விழுக்காடு. வணிகப் பயிர்களுக்கு 5 விழுக்காடு வரை.

2020 காரீப் பருவம் முதல் இத்திட்டம் விருப்பத்திற்கு விடப்பட்டது. ஆயினும் வேண்டாம் என்போர், பதிவின் கடைசி நாளுக்கு ஏழு நாள்களுக்கு முன்பே வங்கிக்கு எழுதித் தர வேண்டும். தராவிட்டால் கட்டணம் பிடிக்கப்படும். மறந்துபோன உழவருக்கும் இதனால் காப்பீடு கிடைக்கிறது என்பது இதன் நன்மை. கட்டாயம் நீங்கியது, மௌனம் சம்மதமாகவே நீடித்தது.

கைபேசியும் அட்டையும்

கேட்காமலே அழைப்பிசை, சோதிடம் போன்ற சேவைகள் தொடங்கப்பட்டு, கைபேசி இருப்பிலிருந்து பணம் குறைவதாகப் புகார்கள் எழுந்தன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2011 ஜூலையில் வாடிக்கையாளரின் வெளிப்படையான ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 2013 ஜூலையில் இருமுறை உறுதிப்படுத்த வேண்டும் என்றது.

அட்டைவழிச் சந்தாக்களுக்கான விதியை ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்டில் வெளியிட்டது. 2021 அக்டோபர் 1 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. முதல் முறை கூடுதல் சரிபார்ப்பு வேண்டும். ஒவ்வொரு முறையும் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு தகவல் வரவேண்டும். அந்தத் தவணையையோ முழு ஒப்புதலையோ அப்போது நிறுத்தலாம்.

2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டது. அவற்றுள் ஒன்று ‘சந்தாப் பொறி’. சந்தாவை நிறுத்தும் வழியைச் சிக்கலாக்குவதும், இலவசச் சந்தாவுக்கே பணம் செலுத்தும் விவரங்களைக் கட்டாயமாகக் கேட்பதும் இதில் அடங்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்டல்

முதலில் சந்தாவை நிறுத்தி, அதற்கான சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நிறுவனத்திடமும் வங்கியிடமும் எழுத்துமூலம் புகார் அளிக்க வேண்டும். வங்கியின் சேவையில் குறை இருந்து, 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒரு பழைய தடையை நீக்கியது. முந்தைய 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பு இயங்கும் இடத்திலோ சிக்கல் எழுந்த இடத்திலோதான் வழக்குத் தொடர முடியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். நிறுவனம் எந்த நகரில் இருந்தாலும், கோவில்பட்டிக்காரர் தூத்துக்குடி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம்.

அட்டைச் சந்தாவில் இன்று முதலில் ஒப்புதல் கேட்கிறார்கள்; பணம் எடுக்குமுன் நினைவூட்டுகிறார்கள். பயிர்க்கடன் கணக்கிலோ, வேண்டாம் என்று எழுதித் தரும் பொறுப்பு உழவரிடமே இருக்கிறது.