பந்து வீசியவன் கைக்கு மட்டை வந்த கதை



மாலையில் லயத்துக்குப் பக்கத்தில் நம் பிள்ளைகள் ஆடும் கிரிக்கெட்டை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நம் கேமரன் மலையில் சமமான திடல் கிடைப்பது அரிது. ஓங்கி அடித்தால் பந்து தேயிலைச் சரிவில் உருண்டு ஓடிவிடும். மறுநாள் காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் கண்ணில்தான் அது படும். அந்த ஆட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மட்டை யாருடையதோ அவன்தான் முதலில் அடிப்பான். மட்டை இல்லாதவன், வயதில் சின்னவன், பந்து வீசிக்கொண்டே இருப்பான். அவன் முறை வருவதற்குள் பனி இறங்கி இருட்டிவிடும். "நாளைக்கு உனக்கு" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

இது பிள்ளைகள் செய்யும் குறும்பு என்று நினைக்க வேண்டாம். பெரியவர்களும் இதையே சட்டமாக வைத்து ஆடிய காலம் ஒன்று இருந்தது. பந்து வீசுவது உழைப்பு, மட்டை பிடிப்பது கௌரவம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பந்தும் வீசி, மட்டையும் பிடித்து, ஆறு ஓட்டமாகவும் அடித்துக் காட்டிய சிலர் அந்தப் பிரிவினையை எப்படி உடைத்தார்கள் என்பதையே இன்று நாம் பார்க்கப் போகிறோம்.

இங்கிலாந்தில் 1806ஆம் ஆண்டு தொடங்கி 1962ஆம் ஆண்டு வரை ஒரு புகழ்பெற்ற ஆட்டம் நடந்து வந்தது. ஒரு பக்கம் 'கனவான்கள்', மறு பக்கம் 'ஆட்டக்காரர்கள்'. கனவான்கள் என்பவர்கள் சம்பளம் வாங்காமல் பொழுதுபோக்காக ஆடும் செல்வர்கள். ஆட்டக்காரர்கள் என்பவர்கள் கூலிக்கு ஆடும் தொழிலாளர்கள். பல மைதானங்களில் இரு சாராருக்கும் உடை மாற்றும் அறையும் வேறு, திடலுக்குள் வரும் வாசலும் வேறு. கூலிக்காரர்களிலும் சிறந்த மட்டையாளர்கள் இருந்தார்கள். ஆனாலும் நாள் முழுவதும் வெயிலில் ஓடிப் பந்து வீசும் பாரத்தைப் பெரும்பாலும் அவர்கள் தோளில்தான் ஏற்றினார்கள். கனவான்களுக்கு மட்டை பிடிப்பதில்தான் விருப்பம். களைத்துப் போகும் வேலையை யாராவது செய்ய வேண்டுமே!

இந்த வழக்கம் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தபோது அதோடு சாதியும் சேர்ந்துகொண்டது. பூனா நகரில் பல்வங்கர் பாலு என்று ஒருவர் இருந்தார். 1876இல் பிறந்தவர். தோல் தொழில் செய்பவர்கள் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட குலத்தில் வந்தவர். அவருடைய தகப்பனார் இராணுவத்தில் வேலை செய்தார். பாலு இளம் வயதிலேயே ஒரு பார்சிக் கிளப்பில் திடலைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலைக்குப் போனார். பின்னர் வெள்ளையர்களின் பூனா கிளப்பில் சேர்ந்தார். காலையில் திடலைச் சீர் செய்வது, வலை கட்டுவது, துரைமார்கள் பயிற்சிக்கு வந்தால் அவர்களுக்குப் பந்து வீசுவது, இவ்வளவும் அவர் வேலை. மாதச் சம்பளம் சில ரூபாய்கள்தான்.

அந்தக் கிளப்பில் கிரெய்க் என்ற இராணுவ அதிகாரி பெரிய மட்டையாளர். மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து, பாலுவைப் பந்து வீசச் சொல்லி மணிக்கணக்கில் பழகுவார். ஒவ்வொரு முறை தன்னை ஆட்டமிழக்கச் செய்தாலும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு செய்தி உண்டு. இப்படி ஆயிரக்கணக்கான பந்துகளை வீசி வீசியே பாலு இடக்கைச் சுழல் பந்தில் தேர்ந்துவிட்டார். ஆனால், நேயர்களே, இத்தனை ஆண்டுகளில் அந்த வலைக்குள் அவர் கையில் ஒரு முறையாவது மட்டையைக் கொடுத்து, "நீயும் நாலு பந்து அடித்துப் பார்" என்று துரைமார்கள் சொல்லவில்லை. இதை வரலாற்று ஆசிரியர் இராமச்சந்திர குஹா எழுதியிருக்கிறார். எட்டணா கொடுக்க மனம் வந்தது. மட்டையைக் கொடுக்க வரவில்லை.

வெள்ளையரைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பூனா இந்துக்கள் பாலுவைத் தங்கள் அணியில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே வேறொரு கூத்து. திடலுக்குள் அவர் தொட்ட பந்தை எல்லோரும் தொடுவார்கள். தேநீர் வேளையில் மட்டும் அவரைக் கூடாரத்துக்கு வெளியே நிறுத்தி, குடித்துவிட்டு எறிந்துவிடும் மண் கோப்பையில் தேநீர் ஊற்றுவார்கள். நாம் பறித்து அனுப்பும் தேயிலைக்குச் சாதி தெரியாது. அதை ஊற்றிய கைகளுக்குத் தெரிந்திருந்தது.

1911இல் முதல் அகில இந்திய அணி பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்றது. அந்தப் பயணத்தில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். அத்தனை இருந்தும் இந்துக்கள் அணியின் தலைமைப் பதவி அவருக்குக் கிடைக்கவேயில்லை. அதை அடைந்தவர் அவருடைய தம்பி விட்டல். விட்டல் பந்து வீச்சாளர் அல்லர், மட்டையாளர். 1923இல் அவர் தலைமையில் இந்துக்கள் அணி ஐரோப்பியரை வென்றது. அண்ணன் கைக்குத் துரைமார் கொடுக்காத மட்டை, தம்பி கையில் தலைமையையே கொண்டுவந்து சேர்த்தது.

இனி ஒரு தோட்டத்துப் பிள்ளையின் கதைக்கு வருவோம். நமக்கு வெகு தூரத்தில் மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாட் என்று ஒரு தீவு. கரும்பும் கோகோவும் விளையும் பூமி. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும், அவர்களுக்குப் பின் 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களும் உழைத்த இடம். அங்கே 1901இல் பிறந்தவர் லியரி கான்ஸ்டன்டைன். அவருடைய தாய்வழிப் பாட்டனார் அடிமையாக இருந்தவர். தகப்பனார் லெப்ருன் தோட்டத்தில் மேற்பார்வையாளர். நம் வழக்கில் சொன்னால் கங்காணி மாதிரி. அந்தத் தகப்பனாரே நல்ல ஆட்டக்காரர். 1900ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து சென்று லார்ட்ஸ் மைதானத்தில் நூறு ஓட்டங்கள் எடுத்தவர். தோட்டத்து வீட்டில் அப்பா, பிள்ளைகள் என்று குடும்பமே ஆடும். அங்கே மட்டை ஒருவருக்கே சொந்தமாக இருக்கவில்லை போலும்.

லியரி வேகப் பந்து வீச்சாளர். 1928 ஜூன் மாதம் அதே லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் அணியுடன் ஆட்டம். மிடில்செக்ஸ் 352 ஓட்டங்கள் எடுத்துவிட்டது. மேற்கிந்தியர் 79 ஓட்டங்களுக்கு ஐந்து பேரை இழந்து தவித்தபோது லியரி வந்தார். ஒரு மணி நேரத்துக்குள் 86 ஓட்டங்கள். அது முடிந்ததும் பந்தைக் கையில் எடுத்தார். 57 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட்டுகள்; மிடில்செக்ஸ் 136க்குச் சுருண்டது. வெற்றிக்கு 259 வேண்டும். மறுபடியும் ஐந்து பேர் போன பிறகு லியரி வருகிறார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் 103 ஓட்டங்கள்! மேற்கிந்தியர் 3 விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். பந்து வீசுகிறவன் வேறு, அடிக்கிறவன் வேறு என்ற பேச்சுக்கு லார்ட்ஸ் மைதானத்திலேயே விழுந்த அடி அது. இந்த லியரி பின்னர் இங்கிலாந்திலேயே குடியேறி, வழக்கறிஞராகி, நிற வேற்றுமையை எதிர்த்துப் போராடி, 1969இல் பிரபுக்கள் சபையின் வாழ்நாள் உறுப்பினரானார். அந்தப் பதவியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் பள்ளிகளில் பெண் பிள்ளைகள் ஆடும் சாப்ட்பாலுக்கு அது அண்ணன். அதிலும் பந்தெறிகிறவர் தனி. அவர் மட்டை பிடித்தால் பெரிதாக ஒன்றும் அடிக்கமாட்டார் என்பதே வழக்கம். பாஸ்டன் அணியில் பேப் ரூத் என்ற இடக்கைக்காரர் பந்தெறிவதில் கெட்டிக்காரர். 1916இல் மட்டும் 23 ஆட்டங்களில் வெற்றி தேடித் தந்தார். ஏழாம் வயதிலேயே சீர்திருத்தப் பள்ளியில் விடப்பட்டு, சட்டை தைக்கக் கற்றுக்கொண்டு வளர்ந்த பையன் அவர். 1919இல் மட்டையால் 29 ஹோம் ரன்கள் அடித்துச் சாதனை படைத்தார். ஹோம் ரன் என்பது வேலியைத் தாண்டிப் போகும் அடி, நம் சிக்சர் போல. அடுத்த ஆண்டு நியூயார்க் அணிக்கு மாறிய அவரை அந்த அணி பெரும்பாலும் பந்தெறிய விடாமல் அடிக்க வைத்தது. அந்த ஆண்டு 54. இலாபம் என்னவோ உண்மைதான். ஆனால் ஒரே ஆளிடம் இருந்த இரண்டு கைத்தொழிலில் ஒன்று மூடப்பட்டது. பிறகு 1973இல், பந்தெறிகிறவருக்குப் பதிலாக வேறொருவர் மட்டை பிடிக்கலாம் என்று ஒரு சங்கம் விதியே செய்துவிட்டது. அந்தக் கதவைத் திரும்பத் திறந்தவர் ஓர் ஆசியர், ஜப்பானின் ஷோஹேய் ஒஹ்தானி. 2021இல் 46 ஹோம் ரன்களும் 9 வெற்றிகளும். 2025 அக்டோபர் 17 அன்று ஒரே ஆட்டத்தில் பந்தெறிந்து பத்துப் பேரை வெளியேற்றி, மூன்று ஹோம் ரன்களும் அடித்தார்.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். ரஞ்சிக் கோப்பைப் போட்டியின் முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது. சென்னையும் மைசூரும் மோதின. ஒரே நாளில் முடிந்துவிட்ட ஆட்டம் அது. போட்டியின் முதல் பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். 11 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஏ. ஜி. இராம் சிங். பஞ்சாபிலிருந்து சென்னையில் குடியேறிய சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த இராம் சிங், சுழல் பந்தோடு மட்டையிலும் வல்லவர். இருந்தும் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட் ஆட்டத்திலும் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறையை அவர் மகன் கிருபால் சிங் 1955இல் தீர்த்தார்; தம் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் நூறு ஓட்டங்கள்.

கபில் தேவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். 1990இல் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா மீண்டும் தொடர்ந்து ஆடும் நிலையைத் தவிர்க்க இன்னும் 24 ஓட்டங்கள் தேவை. கையில் இருப்பதோ கடைசி விக்கெட். எதிரில் நின்ற ஹிர்வானிக்கு மட்டை பிடிக்கவே வராது. கபில் என்ன செய்தார்? ஹெம்மிங்ஸ் வீசிய பந்துகளில் நான்கைத் தொடர்ச்சியாகச் சிக்சர் அடித்தார். நாலாறு இருபத்து நான்கு! அடுத்த ஓவரிலேயே ஹிர்வானி ஆட்டமிழந்தார். அந்த டெஸ்டில் இந்தியா தோற்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்த நான்கு அடிகளை யாரும் மறக்கவில்லை.

அடுத்தவர் நம் இரவிச்சந்திரன் அஸ்வின். சென்னையில் பிறந்தவர், இரயில்வே ஊழியரின் மகன். சிறுவனாக இருந்தபோது முதலில் இறங்கி மட்டை பிடித்தவர், பின்னரே சுழல் பந்துக்கு வந்தார். 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்து 2024 டிசம்பரில் ஓய்வு பெற்ற இந்தப் பந்து வீச்சாளர், ஆறு நூறுகளும் அடித்திருக்கிறார். ஒரே டெஸ்டில் நூறு ஓட்டங்களும், ஓர் இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளும் என்று நான்கு முறை சாதித்தார். அதில் இரண்டு முறை பிறந்த ஊரான சேப்பாக்கத்திலேயே. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக 43 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகள். பிறகு 106 ஓட்டங்கள். 2024 செப்டம்பரில் வங்காளதேசத்துக்கு எதிராக, 144 ஓட்டங்களுக்கு ஆறு பேர் போன நிலையில் வந்து 113. பிறகு 88 ஓட்டங்களுக்கு 6 விக்கெட்டுகள்.

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உரை நிறைவு பெறாது. 2025 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை மலேசியாவில் நடைபெற்றது. நம் மலேசியப் பெண்களும் ஆடினார்கள். இந்தியாவிடம் 31 ஓட்டங்களுக்கு எல்லோரும் ஆட்டமிழந்தார்கள். அடிதான், ஆனால் உலகக் கோப்பையில் மட்டை பிடித்து வாங்கிய அடி. இறுதி ஆட்டம் பிப்ரவரி 2 அன்று, கிள்ளான் பக்கம் பாண்டமாரானில் உள்ள பாயுமாஸ் திடலில் நடந்தது. தாப்பா வழியாகக் கீழே இறங்கினால் சில மணி நேரப் பயணம்தான். இந்திய அணியில் மதுரைப் பெண் கமலினியும், தெலுங்கானாவின் பத்ராசலத்தைச் சேர்ந்த கோங்கடி திரிஷாவும் முதலாவதாக மட்டை பிடிக்க இறங்குகிறவர்கள். அன்று தென்னாப்பிரிக்கா முதலில் ஆடியது. திரிஷா பந்தை வாங்கி நான்கு ஓவர்கள் வீசி, 15 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து 3 விக்கெட்டுகளை எடுத்தார். தென்னாப்பிரிக்கா 82. பிறகு மட்டையோடு வந்து, ஆட்டமிழக்காமல் 44 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தை முடித்துவைத்தார். அந்த ஆட்டத்தின் சிறந்த வீராங்கனைக்கான பரிசும், போட்டி முழுவதற்குமான பரிசும் அவருக்கே கிடைத்தன.