கண்டியும் கிலோவும்

கோவை ஆலைகளில் இன்றும் பஞ்சின் விலை எதனால் பேசப்படுகிறது? கண்டியால்! ஒரு கண்டி 356 கிலோ. அதென்ன 356? பம்பாய்ச் சந்தையின் 784 இராத்தல் கண்டி விட்டுச் சென்ற எச்சம் அது. சென்னைக் கண்டியோ 500 இராத்தல். பெயர் ஒன்று, எடை இரண்டு!

எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. இவ்வாய்பாட்டைக் கற்றவன் தராசைப் பிடித்தான். கல்லாத உழவன் கைகட்டி நின்றான். பிரெஞ்சுப் புரட்சியாளர் 1795-இல் சட்டமாக்கிய மீட்டர் முறையோ பத்துப் பத்தாய்ப் பெருகுவது. விரல்விட்டு எண்ணத் தெரிந்தவனுக்கும் விளங்குவது. இந்தியாவில் 1956-இல் அது சட்டமாயிற்று. 1958 அக்டோபரில் கிலோ கடைக்கு வரத் தொடங்கிற்று.

இராத்தல் ஒழிந்ததா? 40-ஆம் நம்பர் நூல் என்றால் என்ன? 840 கெச நீளச் சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஓர் இராத்தல் நிறுக்கும் நூல். விற்பனை கிலோவில், நயம் இராத்தலில்! நம்பர் சொன்னதும் நூலின் மென்மையை உணரும் தொழிலாளியை நாம் எள்ளவில்லை. நாம் கேட்பது உழவனுக்காக. அவன் விதையோடு கூடிய பருத்தியைக் குவிண்டாலில் விற்கிறான். ஆலை பஞ்சைக் கண்டியில் வாங்குகிறது. பருத்தியில் பஞ்சு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. ஆக, ஒரு கண்டிப் பஞ்சுக்கு அவன் கொட்ட வேண்டியது பத்துக் குவிண்டாலுக்கு மேல். இந்தக் கணக்கைக் களத்துமேட்டில் அவனுக்குப் போட்டுக் காட்டுவோர் யார்? தரகர்தாமே!