மாரடைப்பில் உறைவு கரைப்புச் சிகிச்சையும் இதயத் தசையின் மீட்சியும்

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனி அடைபட்டால், அத்தமனியை நம்பியிருக்கும் தசை சிறிது சிறிதாக இறக்கத் தொடங்குகிறது. இதுவே மாரடைப்பு. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதற்கு அளிக்கப்பட்ட மருத்துவம் பெரும்பாலும் வாரக்கணக்கான படுக்கை ஓய்வும் வலி நீக்கும் மருந்துமே. அடைப்பை நீக்க வழி இருக்கவில்லை.

அந்த வழி ஒரு நுண்ணுயிரியிடமிருந்து கிடைத்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியா வெளியிடும் ஒரு பொருள் இரத்த உறைவைக் கரைப்பதை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் டில்லெட்டும் கார்னரும் 1933இல் வெளியிட்டனர். பின்னாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் எனப் பெயர்பெற்ற இப்பொருள், இரத்தத்திலுள்ள பிளாஸ்மினோஜெனைத் தூண்டி உறைவின் இழைகளைச் சிதைக்கிறது. 1958இல் சோல் ஷெர்ரி குழுவினர் இதை மாரடைப்பு நோயாளிகளுக்குச் செலுத்தினர். ஆயினும், உறைவு மாரடைப்பின் காரணமா, விளைவா என்ற ஐயம் நீடித்தது. 1980இல் டிவுட் குழுவினர் தமனிகளைப் படமெடுத்து ஆராய்ந்தனர். வலி தொடங்கிய நான்கு மணி நேரத்துக்குள் ஆராயப்பட்டவர்களில் 87 விழுக்காட்டினருக்குத் தமனி முற்றிலும் அடைபட்டிருந்தது. ஐயம் பெருமளவு நீங்கியது.

இத்தாலியில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஜிஸ்ஸி ஆய்வின் முடிவு 1986இல் வெளியானது. ஸ்ட்ரெப்டோகைனேஸ் பெற்றவர்களில் 21 நாள்களுக்குள் இறந்தோர் 10.7 விழுக்காடு, பெறாதவர்களில் 13 விழுக்காடு. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றோரிடம் இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

எனினும், தமனி திறந்த பின்னும் பலருடைய இதயம் உடனே வலுவாகச் சுருங்கவில்லை. இதற்கான விளக்கத்தை 1982இல் யூஜின் பிரவுன்வால்டும் ராபர்ட் க்ளோனரும் முன்வைத்தனர். இரத்தம் திரும்பியும் செயலிழந்து நிற்கும் தசை முழுவதும் இறந்ததன்று. அதில் ஒரு பகுதி தற்காலிகமாகத் திகைத்து நிற்கிறது என்றனர். இறந்த தசை தழும்பாகிவிடும், அது மீளாது. திகைத்த தசையோ நாள்கள் அல்லது வாரங்களில் மீள்கிறது. இதனால்தான் முதல் நாள்களில் எடுக்கும் எக்கோ பரிசோதனையை மட்டும் வைத்து இதயத்தின் இறுதி வலிமையை முடிவு செய்வதில்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் பார்க்கின்றனர்.

இம்மருந்துகளால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்து உண்டு. எனவே, உரிய நேரத்தில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய இயலுமிடங்களில் இன்று அதற்கே முன்னுரிமை. அவ்வசதி தொலைவிலுள்ள ஊர்களில் கரைப்பு மருந்தே இன்றும் உயிர் காக்கிறது. எம்முறையாயினும், எவ்வளவு தசை மீளும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது வலி தொடங்கியதிலிருந்து தமனி திறக்கும்வரை கழியும் நேரமே.