பிடியரிசி

யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் சரித்திரத்தைக் கூறுவோர், வட்டுக்கோட்டைச் செமினரியையும், 1841ஆம் ஆண்டில் தோன்றிய உதயதாரகைப் பத்திரிகையையும், மானிப்பாயிலே வைத்தியர் கிறீன் ஆற்றிய தொண்டையும் விதந்து பேசுவர். அச்சரித்திரத்தின் மற்றொரு பகுதி அடுப்பங்கரையிலே நிகழ்ந்தது. அதனை நிகழ்த்தியோர் திருச்சபைப் பெண்கள்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தபோது, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டியதில்லை என்பதே ஊரார் கருத்தாயிருந்தது. அக்கருத்துக்கு மாறாக, ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் உடுவிலிலே பெண்கள் விடுதிப் பாடசாலையொன்றைத் தொடங்கினார். 1833இல் அவர் காலமானார். 1840இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 1879 வரை அப்பாடசாலையை நடத்தினார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் அவரிடம் கற்றமையால், ‘ஆயிரம் புதல்வியரின் தாய்’ என்று அவரை அழைத்தனர். தாயகத்துக்கு ஒருமுறையேனும் திரும்பாத அவர், 1883இல் இம்மண்ணிலேயே மறைந்தார்.

ஆயினும், பாடசாலை மட்டும் போதுமானதன்று. மணமான பெண் கிடுகு வேலியைக் கடந்து வெளியே வருவது அக்காலத்தில் அரிது. கற்ற நூல் பரணிலே ஏறிவிடும். துயர் வந்தால் தனியே அழவேண்டியதுதான். இதனை உணர்ந்த அக்னியூ அம்மையார், விடுமுறை தோறும் பழைய மாணவியரின் வீடுகளுக்குச் சென்றுவந்தார். வேதவாசிப்புக்கும் செபத்துக்குமாகக் கூடிய பெண்கள், ஒருவர் இன்பதுன்பத்தை மற்றவர் அறியவும் அக்கூட்டங்களே வழியாயின.

கூடியவர்கள் கொடுக்கவும் விரும்பினர். கொடுப்பதற்கு அவர்களிடம் என்ன இருந்தது? ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில், எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமைப்படி, சீதனம் பெண்ணின் சொத்தே. எனினும், கணவன் சம்மதமின்றிச் சீதன நிலத்தை அவள் விற்கவோ நன்கொடையாக வழங்கவோ இயலாது. ஆனால், உலையிலிடும் அரிசியை அளப்பது அவள் கையே. ஆகவே, நாளாந்தம் சமையலுக்கு எடுத்த அரிசியில் ஒரு பிடியை வேறாக எடுத்துவைத்து, சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுவந்தனர். 1880இல் வந்த மேரி, மாகிரற் லீச் சகோதரியர், 1890இல் வெளியிட்ட தமது நூலிலே இவ்வழக்கத்தைக் குறித்துள்ளனர். இந்தியாவின் மிசோரம் மலைநாட்டிலும் கிறித்தவப் பெண்களிடையே இத்தகைய பிடியரிசி வழக்கம் 1910இல் தோன்றி, பெரும் திருச்சபைப் பணிகளைத் தாங்கிற்று.

ஒரு பிடி அரிசியால் எக்குடும்பமும் பட்டினி கிடப்பதில்லை. அதைக் கொடுக்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதுமில்லை. வறியவளும் செல்வியும் அளித்தது ஒரே அளவு. ஆதலின், ஒருத்தி கொடுப்பவளாகவும் மற்றொருத்தி பெறுபவளாகவும் பிரிந்து நிற்கவில்லை. யாழ்ப்பாணச் சமூகத்தைப் பிரித்த சாதி வேலிகளை இச்சங்கங்கள் முற்றாகத் தகர்த்தன என்று சொல்வதற்கில்லை. எனினும், தன் வீட்டுக்கு அப்பாலுள்ள ஒரு காரியத்திலே தனக்கும் பங்குண்டு என்னும் எண்ணத்தை அவை பெண்ணுக்கு அளித்தன. பாடசாலையை நிறுவியவர்களின் பெயர்கள் சரித்திரத்திலே நிலைத்துள்ளன. அப்பாடசாலை ஊட்டிய அறிவை ஊர்தோறும் அணையாது காத்தவர்களோ, நாள்தோறும் அரிசிப் பானையருகே நின்ற பெயரறியாப் பெண்களே.